மணிக்கட்டா, தொடையிடுக்கா?

இதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனியில் அடைப்பு ஏற்பட்டால், ஸ்டென்ட் என்னும் சிறு உலோக வலைக்குழலை அங்கே விரித்து வழியைத் திறந்துவிடுகிறார்கள் என்பதை நாம் அறிவோம். வேலை நடப்பது மார்புக்குள். ஆனால் மருத்துவர் மார்பைத் தொடுவதில்லை. தொலைவிலுள்ள ஒரு தமனியில் துளையிட்டு, கதீட்டர் எனப்படும் மெல்லிய நீண்ட குழாயை அதன் வழியே இதயம் வரை செலுத்துகிறார். அந்தத் துளையை எங்கே இடுவது? அற்பமாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை காணப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

பயணம் தொடங்கியது கையில்தான். 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர், சிறுநீர் வடிக்கும் குழாய் ஒன்றைத் தம் இடது முழங்கை மடிப்பின் சிரைக்குள் 65 செ.மீ. செலுத்திக்கொண்டார். குழாயோடு எக்ஸ்-கதிர் அறைக்கு நடந்து சென்று, அதன் நுனி இதயத்தின் வலப்பக்கத்தை எட்டியதைப் படமெடுத்துக் காட்டினார். அன்று அவருக்குக் கிடைத்தது பாராட்டைவிட ஏச்சே அதிகம். நோபல் பரிசு 1956-இல் வந்தது, கூர்னான், ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவரோடும் பகிர்ந்து.

1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்பவர் பெருந்தமனியைப் படமெடுக்க முயன்றபோது, எக்ஸ்-கதிரில் நிழல் காட்டும் சாயம் தவறுதலாக நேரே வலது இதயத் தமனிக்குள் பாய்ந்துவிட்டது. நோயாளி இறந்துவிடுவார் என்று அவர் அஞ்சினார். நோயாளி பிழைத்தார், இதயத் தமனிகளைத் தனித்தனியே படமெடுக்கலாம் என்ற உண்மையும் புலப்பட்டது. சோன்ஸின் முறையும் கை வழியே. ஆனால் முழங்கையருகே கீறித் தமனியை வெளிப்படுத்தி, முடிந்ததும் தைக்க வேண்டும். அதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

எளிய வழி சுவீடனிலிருந்து ஏற்கெனவே வந்திருந்தது. ஸ்வென்-இவார் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்ட முறை இது: ஊசியால் தமனியைக் குத்து, ஊசிக்குள் கம்பியை நுழை, ஊசியை உருவு, கம்பியின் மேல் குழாயைத் தள்ளு, கம்பியை உருவு. கீறலும் இல்லை, தையலும் இல்லை. 1967-இல் மெல்வின் ஜட்கின்ஸ், இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என முன்கூட்டியே வளைத்த குழாய்களைத் தொடை வழியே செலுத்தும் முறையை வெளியிட்டார். பருத்த தொடைத் தமனியைக் குத்துவது எளிது. மருத்துவர்கள் தொடைக்கு மாறினர். 1977 செப்டம்பர் 16-இல் ஜூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக இதயத் தமனி அடைப்பைப் பலூனால் விரித்ததும் தொடை வழியேதான். 1986-இல் பிரான்சில் பியுயெலும் சுவிட்சர்லாந்தில் சிக்வார்ட்டும் ஸ்டென்டைப் பொருத்தினர்.

ஸ்டென்டோடு ஒரு சிக்கலும் வந்தது. உலோகத்தின் மேல் குருதி உறையாதிருக்க அந்நாளில் ஹெப்பாரின், வார்ஃபரின் போன்ற உறைவு தடுக்கும் மருந்துகளைத் தாராளமாகக் கொடுத்தனர். இதயத்தைக் காத்த மருந்து, தொடைத் துளையை மூடவிடவில்லை.

இங்கே சிறிது இயற்பியல் பார்ப்போம். தமனியில் அழுத்தம் 120 மி.மீ. பாதரசம், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 16,000 நியூட்டன். துளை 2 மி.மீ. விட்டமுடையது எனின் அதன் பரப்பு சுமார் 3 சதுர மி.மீ. இரண்டையும் பெருக்கினால் விசை 0.05 நியூட்டன், வெறும் 5 கிராம் எடை! குழந்தையின் விரல் நுனிகூட அடக்கிவிடலாமே என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. அடக்கலாம், விரல் துளையின் மேல் நேரே இருந்தால். மணிக்கட்டில் ஆரத் தமனி தோலுக்குச் சற்றே கீழே, ஆர எலும்பின் மேல் கிடக்கிறது. ஆகவேதான் நாடி பார்க்க அவ்விடத்தைத் தேர்ந்தோம். தொடைத் தமனியோ சதைக்கும் கொழுப்புக்கும் அடியில் இருக்கிறது. அழுத்தும் விசை மெத்தையில் பரவிப் போகிறது. துளை சற்று மேலே அமைந்துவிட்டால் பின்னால் எலும்பின் ஆதரவும் இராது. குருதி வயிற்றின் பின்புறத்தில் தேங்கும். லிட்டர் கணக்கில் தேங்கியும் வெளியே ஒரு துளி தெரியாது.

என் பெரிய மாமா தொடை வழிச் சிகிச்சைக்குப் பின், இடுப்பில் மணல் மூட்டையோடு காலை மடக்காமல் ஓர் இரவு முழுவதும் கிடந்தார். அடைப்பைவிட அந்த இரவைத்தான் அவர் இன்றும் சொல்லிக் காட்டுவார். சின்ன மாமாவுக்கு மணிக்கட்டு வழி. மாலையில் உட்கார்ந்து காபி குடித்தார்.

மணிக்கட்டுக்கு முதலில் திரும்பியவர் மான்ட்ரியலின் லூசியன் காம்போ. அங்கு 100 பேரைப் படமெடுத்த அனுபவத்தை 1989-இல் வெளியிட்டார். 1992-இல் ஆம்ஸ்டர்டாமின் ஃபெர்டினான்ட் கீமெனெய் அதே வழியில் அடைப்பை விரித்தார். விரைவில் ஸ்டென்டும் வைத்தார். ஆரத் தமனி அடைபட்டாலும் கை பிழைக்குமா என்ற அச்சத்துக்கு இயற்கையே விடை வைத்திருக்கிறது: மறுபுறம் வரும் அல்னா தமனி உள்ளங்கையில் இதனோடு வளைவாக இணைகிறது. ஒன்றை அழுத்தி, கை சிவக்கிறதா என்று பார்க்கும் ஆலன் சோதனை தோன்றியதும் 1929-இல்தான்!

எனினும் உலகம் உடனே மாறவில்லை. 2 அல்லது 3 மி.மீ. விட்டமே உள்ள ஆரத் தமனி சீண்டினால் சுருங்கிக் குழாயைக் கவ்விக்கொள்ளும். அதைத் தளர்த்த மருந்து வேண்டும். தோளருகே வளைவுகள் வேறு. கைத்திறன் பெறப் பல நோயாளிகள் தேவை. பழகிய வழியை விட மனமும் இல்லை என்பது என் கருத்து.

2011-இல் வெளியான ரைவல் ஆய்வில் 32 நாடுகளின் 7,021 நோயாளிகள் இருந்தனர். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், பெருங்குருதிப்போக்கு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் மணிக்கட்டில் 3.7 விழுக்காடு, தொடையில் 4.0, வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். ஆனால் துளையிட்ட இடத்தில் நேர்ந்த பெரும் சிக்கல்கள் 1.4-க்கு எதிராக 3.7. 2015-இல் 8,404 பேரிடம் நடந்த மேட்ரிக்ஸ் ஆய்வில் இறப்பே 1.6-க்கு எதிராக 2.2 எனக் குறைந்தது. 2020-இல் வெளியான கனடிய ஆய்வொன்று, தேர்ந்தவர் கையில் இறப்பில் வேறுபாடு காணவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டு நெறிகள் இன்று மணிக்கட்டையே முதலில் பரிந்துரைக்கின்றன.

தொடை வழி மறைந்துவிடவில்லை. பருத்த குழாய் தேவைப்படும் வால்வு மாற்றம் போன்றவற்றுக்கு மணிக்கட்டில் இடமில்லை. ரைவல் ஆய்விலேயே மணிக்கட்டில் தொடங்கியவர்களில் 7.6 விழுக்காட்டினருக்கு வழியை மாற்ற நேர்ந்தது. எனவே மணிக்கட்டில் ஊசி குத்தும்போதே தொடையிடுக்கையும் துடைத்துத் தயாராக வைக்கும் வழக்கம் பல சிகிச்சைக் கூடங்களில் இருக்கிறது.