கணினியின் இரைச்சலும் வானொலியின் செவியும்

வானொலி ஒலித்துக்கொண்டிருக்கும் அறையில் யாரேனும் மின்விளக்கின் ஆளியைத் தட்டினால், பேச்சின் நடுவே ‘டக்’ என்றோர் ஓசை எழுந்து மறைவதை நேயர்கள் பலர் அறிவர். மழைக்கால மாலைகளில் மின்னல் வெட்டுந்தோறும் கரகரவென்னும் ஒலி பாட்டைக் குலைப்பதும் புதிதன்று. முன்னது மனிதன் செய்வது. பின்னது இயற்கை செய்வது. ஆயினும் இரண்டிற்கும் காரணம் ஒன்றே. மின்னோட்டம் எங்கே திடீரென மாறுகின்றதோ அங்கே மின்காந்த அலை பிறக்கின்றது. அவ்வலையை வானொலியின் ஏரியல் பற்றிக்கொள்கின்றது. எது பேச்சு, எது இரைச்சல் என்று பகுத்தறியும் ஆற்றல் ஏரியல் கம்பிக்கு இல்லை.

இரைச்சலின் வரலாறு வானொலியின் வரலாற்றுடன் பிறந்தது. 1895 ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் அலெக்சாண்டர் பொப்பொவ் அமைத்துக் காட்டிய கருவி, தொலைவில் வெட்டும் மின்னலை மணியடித்து அறிவித்தது. பின்னர் கடல்களுக்கு அப்பாலிருந்து செய்தி பெறும் காலம் வந்தபோது, அந்த மின்னலே பெரும் பகையாயிற்று. அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கார்ல் ஜான்ஸ்கி என்னும் இளம் பொறியியலாளர், அத்திலாந்திக் கடல் கடந்த தொலைபேசிச் சேவையைக் குலைக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகின்றது என ஆராயுமாறு பணிக்கப்பட்டார். 20.5 மெகா ஹேட்ஸ் மீடிறனில், சக்கரங்களின் மேல் சுழலும் ஓர் ஏரியலைக் கொண்டு அவர் ஆராய்ந்தார். அண்மையில் நிகழும் இடிமழை, சேய்மையில் நிகழும் இடிமழை, இவற்றோடு இன்னதென்று விளங்காத மெல்லிய சீறல் ஒன்று என மூவகை இரைச்சலை 1932 இல் அவர் வகுத்துரைத்தார். அந்தச் சீறல் பால்வீதியிலிருந்து வருகின்றது என்பதை அடுத்த ஆண்டில் வெளியிட்டார். வானொலி வானியல் என்னும் துறை இவ்வாறு ஓர் இரைச்சலிலிருந்தே தோன்றிற்று.

ஜான்ஸ்கியின் பணியைத் தொடர்ந்தவர் குரோட் ரீபர் என்னும் அமெச்சூர் வானொலியாளர். அமெரிக்காவின் வீட்டன் நகரில், தம் வீட்டு முற்றத்திலேயே 1937 இல் ஏறக்குறைய 9 மீற்றர் அகலமுள்ள கிண்ண வடிவ ஏரியல் ஒன்றை அவர் கட்டினார். பகலிற் கேட்க முயன்றபோது, வீதியிற் செல்லும் மோட்டார் வண்டிகளின் எரிபற்றுப் பொறிகள் எழுப்பிய இரைச்சல் விண்மீன்களின் ஒலியை மூடிவிட்டது. ஆகவே ஊர் உறங்கிய பின்னரே அவர் வானத்திற்குச் செவிசாய்த்தார். மனிதன் செய்யும் இரைச்சல் இயற்கையின் இரைச்சலை வென்றுவிடும் காலம் வருகின்றது என்பதற்கு அஃது ஓர் அறிகுறியாகும். மின்கருவிகள் வானொலிக்கு இழைக்கும் இடையூற்றை அளந்து எல்லை வகுப்பதற்கான பன்னாட்டுச் சிறப்புக் குழு 1934 இல் பாரிஸ் நகரிற் கூடியது. ‘சிஸ்பர்’ என்று அழைக்கப்படும் அக்குழு இன்றும் அப்பணியைச் செய்து வருகின்றது.

அந்நாளில் எவரும் எதிர்பாராத ஓர் இரைச்சற் பொறி பின்னர் வந்தது. அதுவே கணினி. கணினி இலக்கங்களைக் கையாளும் முறை யாது? மின்னழுத்தத்தை ஒரு செக்கனில் பல இலட்சம் முறை ஏற்றியும் இறக்கியும் அது கணக்கிடுகின்றது. அவ்வேற்ற இறக்கம் அலைபோல் மெல்லச் செல்வதன்று, சுவர்போல் செங்குத்தானது. இத்தகைய சதுரத் துடிப்பு ஒன்று, அடிப்படை மீடிறன் ஒன்றும் அதன் மடங்குகளான பல மீடிறன்களும் சேர்ந்த கூட்டமே என்பது பிரெஞ்சுக் கணித அறிஞர் பூரியே 1822 இல் வெளியிட்ட நூலின் வழி விளங்கும். எனவே கணினி எழுப்பும் இரைச்சல் ஓரிடத்தில் நில்லாது, சீப்பின் பற்களைப்போல் ஒழுங்கான இடைவெளியில் வானொலி அலைவரிசை முழுவதும் பரவுகின்றது.

முதலில் இவ்விரைச்சல் வேடிக்கையாகவே கொள்ளப்பட்டது. ஐஸ்லாந்து நாட்டிற்கு 1964 இல் வந்துசேர்ந்த ஐ.பி.எம். 1401 என்னும் கணினியின் நினைவகம் வீசிய அலைகளை வானொலிப் பெட்டி ஒன்றிற் பிடித்து, அதன் பொறியியலாளர் இசை எழுப்பினார். 1975 ஏப்ரலில், கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கணினி ஆர்வலர் கழகம் ஒன்று கூடியது. அங்கே ஸ்டீவ் டொம்பியர் என்பவர், தாமே பூட்டிய அல்டேர் 8800 கணினியின் அருகே சிறு வானொலி ஒன்றை வைத்தார். கணினிக்கு ஒலிபெருக்கி இல்லை. ஆயினும் வானொலியிலிருந்து ஒரு பாட்டின் மெட்டு எழுந்தது! செக்கனுக்கு 20 இலட்சம் துடிப்புக் கொண்ட அக்கணினியின் கசிவையே அவர் கணக்கிட்டுப் பாடவைத்திருந்தார். கூடியிருந்தோர் ஆரவாரித்தனர்.

அவ்வேடிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. 1977 இல் விற்பனைக்கு வந்த டி.ஆர்.எஸ். 80 என்னும் வீட்டுக் கணினி, இலட்சத்திற்கு மேற்பட்ட இல்லங்களிற் புகுந்தது. பிளாஸ்திக் கூட்டினுள் கவசமின்றி இயங்கிய அதன் இரைச்சல் மிகப் பலமானது. அருகே வைத்த வானொலியையே விளையாட்டுகளின் ஒலிபெருக்கியாகச் சிலர் பயன்படுத்தினர் என்றால் அதன் அளவு விளங்கும். அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 1979 இல் கணினிகளின் இரைச்சலுக்கு எல்லை வகுத்தது. அவ்வெல்லைக்குள் அடங்காத அந்த முதல் வகைக் கணினி 1981 இல் விற்பனையிலிருந்து விலகியது. 1985 இல் சிஸ்பர் குழுவும் தன் 22 ஆம் இலக்க நியமத்தை வெளியிட்டது.

இவ்விதிகளின் அடியில் ஓர் எண்ணம் இருந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். கணினி ஒரு வீட்டில் இருக்கும். வானொலி அயல் வீட்டில் இருக்கும். இரண்டிற்கும் இடையே சில மீற்றர் தூரமாவது இருக்கும் என்பதே அவ்வெண்ணம். வீட்டுக் கணினிக்குரிய எல்லை 10 மீற்றர் தூரத்தில் அளக்கப்படுமாறு சிஸ்பர் நியமம் வகுத்தது. மேலும், 30 மெகா ஹேட்ஸிற்கு மேற்பட்ட மீடிறன்களிலேயே காற்றின் வழி வீசும் இரைச்சல் அளக்கப்பட்டது. அதற்குக் கீழே மின்கம்பி வழிச் செல்லும் இரைச்சலுக்கே எல்லை இருந்தது. அமெச்சூர் வானொலியாளர் கடல் கடந்து பேசும் சிற்றலைகளோ 30 மெகா ஹேட்ஸிற்குக் கீழே உள்ளவை. சுருங்கக் கூறின், விதி காத்தது அயலானை, அதுவும் ஓரளவிற்கே.

இந்நிலையில், தூரம் என்னும் அக்காவலையே நீக்கிவிட்ட புதுமை ஒன்று தோன்றியது. பழைய வானொலி வாங்கியில் அலையைத் தெரிந்தெடுத்தல், வடித்தல், பேச்சைப் பிரித்தல் ஆகிய தொழில்களைச் சுருள்களும் வால்வுகளும் செய்தன. அவற்றைக் கணினியின் கணக்குகளே செய்யலாம் என்பது மென்பொருள் வானொலியின் கொள்கை. அப்பெயரை 1990 களின் தொடக்கத்தில் வழங்கச் செய்தவர் ஜோசப் மிட்டோலா என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். 2002 இல் ஜெரால்ட் யங்பிளட் என்னும் அமெச்சூர் வானொலியாளர், பொதுமக்களுக்கான மென்பொருள் வானொலி பற்றி அமெரிக்க அமெச்சூர் இதழ் ஒன்றிலே தொடர் கட்டுரை எழுதினார். அதன்பின் இக்கலை வீடுகளுக்கு வந்தது.

அந்த எளிய வாங்கியின் அமைப்பு வியப்பிற்குரியது. ஏரியலில் வரும் சிற்றலையை, ஒரு பளிங்கின் சீரான துடிப்போடு கலந்து, காதாற் கேட்கும் மீடிறனுக்கு இறக்கி, இரு கூறாகப் பிரித்துக் கணினியின் ஒலி அட்டைக்கு அனுப்புவதே அதன் வேலை. சில சிறு பாகங்கள் போதும். எஞ்சியதைக் கணினி பார்த்துக்கொள்ளும். 2012 இல் இதனினும் எளிய வழி பிறந்தது. தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட, விரலளவேயான யூ.எஸ்.பி. கருவி ஒன்று, தான் பிடிக்கும் அலைகளின் இலக்கங்களை அப்படியே கணினிக்குத் தரவல்லது என்பதைப் பின்லாந்தைச் சேர்ந்த ஆந்தி பலோசாரி கண்டறிந்தார். ஏறக்குறைய 20 டொலர் விலையில் எவரும் ஒரு வாங்கியைப் பெறலாம் என்றாயிற்று. பொருள் வசதியற்ற மாணவனுக்கும் அலைகளின் உலகம் திறந்தது.

ஆனால் அம்மாணவன் காண்பது யாது? திரையில் அலைவரிசையின் படம் விரிகின்றது. அதன் நடுவே அசையாத கோடு ஒன்று நிற்கின்றது. அதன் இருபுறமும் மின்வழங்கலின் 50 ஹேட்ஸ் முனகல் படிந்திருக்கின்றது. ஒழுங்கான இடைவெளியில் கோடுகள் வேலிபோல் நிற்கின்றன. இவற்றுட் பல வானிலிருந்து வந்தவை அல்ல. அவனுடைய மேசையிலேயே பிறந்தவை. ஏரியலைக் கழற்றினாலும் சில கோடுகள் மறைவதில்லை!

காரணங்கள் பல. கணினியின் மின்வழங்கி, செக்கனுக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் ஆளியால் இயங்குவது. அதன் மடங்கு அலைகள் சிற்றலை முழுவதும் பரவுகின்றன. கணினியின் புவித்தொடுப்பும் ஏரியலின் புவித்தொடுப்பும் ஒலிக் கம்பியினூடே ஒரு வளையமாகி, முனகலை உள்ளே கொண்டுவருகின்றன. விரலளவுக் கருவியின் பளிங்கு 28.8 மெகா ஹேட்ஸில் துடிப்பதால், அதன் மடங்குகள்தோறும் ஒரு போலிக் குரல் நிற்கின்றது. இக்கருவி ஒவ்வோர் அளவையும் 256 படிகளிலேயே குறிப்பது. பலமான இரைச்சல் அப்படிகளை நிரப்பிவிட்டால், மெல்லிய குரலுக்கு இடமேது? அமெச்சூர் வானொலியாளர் தேடும் குரல், ஏரியலில் ஒரு வோற்றின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவாக வருவது. பக்கத்தில் யூ.எஸ்.பி. கம்பி 5 வோற்றைத் தாங்கி நிற்கின்றது. அந்த 5 வோற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு கசிந்தாலே அக்குரல் மூழ்கிவிடும்.

விதியை நிறைவேற்றும் தந்திரமும் இவ்விடர்ப்பாட்டைக் கூட்டிற்று. கணினியின் துடிப்பு ஒரே மீடிறனில் நிற்பின், அளவுகருவி அதனை உயர்ந்த சிகரமாகக் காட்டும். ஆகவே அத்துடிப்பைச் சற்றே அசையவிடும் முறையை உற்பத்தியாளர் கைக்கொண்டனர். சிகரம் தாழ்ந்தது, சோதனையும் நிறைவேறியது. ஆனால் இரைச்சலின் மொத்த ஆற்றல் குறையவில்லை. முன்பு ஒரு கோடாக நின்றது அகன்ற திட்டாகப் படர்ந்தது. கோட்டைத் தவிர்த்துப் பக்கத்திற் கேட்கலாம். திட்டைத் தவிர்த்தல் எளிதன்று.

இதற்குப் பரிகாரம் கண்டவர்களின் அனுபவத்தைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒலிக் கம்பியின் நடுவே சிறு நிலைமாற்றி ஒன்றை இட்டால் புவித்தொடுப்பின் வளையம் அறுகின்றது. கம்பிகளைப் பெரைற் வளையத்திற் பலமுறை சுற்றினால் அவற்றின் மேல் ஊரும் இரைச்சல் தடைப்படுகின்றது. வாங்கிக்குப் பற்றரியிலிருந்து மின்னூட்டலாம். உலோகப் பெட்டியில் அடைக்கலாம். நீண்ட கம்பியால் கணினியிலிருந்து விலக்கலாம். ஏரியலை வீட்டை விட்டு வளவின் எல்லைக்குக் கொண்டு செல்லலாம். மென்பொருளிலும் வழியுண்டு: ஒலி அட்டையின் இரைச்சல் மிகுந்த நடுப்பகுதியை விட்டுச் சுமார் 11 கிலோ ஹேட்ஸ் விலகிக் கேட்கும் முறையை யங்பிளட்டின் வாங்கி கையாண்டது. நெதர்லாந்தின் துவென்டே பல்கலைக்கழகத்தில் 2008 இல் தொடங்கிய இணைய வாங்கி, கேட்பவனின் இரைச்சல் மிகுந்த வீட்டை விட்டுக் கேட்கும் செவியையே பிற நாட்டிற்குக் கொண்டு சென்றது. இவை யாவும் இழந்த தூரத்தை மீட்கும் வழிகளே.

நோயைக் கொணர்ந்த கணினியே அதனை அறியும் கருவியும் ஆயிற்று என்பதையும் மறத்தலாகாது. பழைய வாங்கியில் இரைச்சல் வெறுங் கரகரப்பு. மென்பொருள் வானொலியின் திரையில் அதற்கு வடிவம் உண்டு. கோடுகளின் இடைவெளியை அளந்து, வீட்டிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால், குற்றவாளி தொலைபேசியின் மின்னூட்டியா, விளக்கா, திரையா என்று கண்டுகொள்ளலாம்.

பொழுதுபோக்கிற்காகக் கேட்பவனின் வசதிக்காக இவ்வளவு பாடு வேண்டுமா எனச் சிலர் வினவலாம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையில் இந்திய அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று போர்ட் பிளேயரில் தங்கியிருந்தது. வழமையான தொடர்புகள் அற்றுப்போன அந்நாட்களில், அக்குழுவின் சிற்றலைக் குரலே தீவிலிருந்தோரின் செய்திகளைப் பெருநிலத்திற்குக் கொண்டு சேர்த்தது. தப்பியவர் யார் என்று தவித்திருந்த குடும்பங்களுக்கு அக்குரல் ஆறுதல் அளித்தது. அத்தகைய குரலைக் கேட்க மறுமுனையில் அமைதியான வாங்கி ஒன்று வேண்டும்.

ரீபர் ஊர் உறங்கும்வரை காத்திருந்தார். இன்றைய ஊரில் மின்கருவிகள் உறங்குவதில்லை. ஆகவே அமைதியைக் காத்திருந்து பெறுவதற்கில்லை. கம்பியாலும் கவசத்தாலும் தூரத்தாலும் ஆக்கிக்கொள்ளவே வேண்டும். தன் மேசையின் இரைச்சலை அடக்கியவனுக்கே தொலைதூரத்து மெல்லிய குரல் கேட்கும்.