கேசினோ புள்ளி அட்டை

கேசினோ எனப்படும் சூதாட்டக் கூடங்கள் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகத் தரும் உறுப்பினர் அட்டை. ஆட ஆட அதில் புள்ளிகள் ஏறும். புள்ளிகளைச் சாப்பாடாகவும் ஓட்டல் அறையாகவும் கடைப் பொருளாகவும் மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் 1980களின் தொடக்கத்தில் ஸ்லாட் இயந்திரம் ஆடுபவர்களுக்கென்று வந்த ஏற்பாடு இது. 1997இல் ஹாராஸ் என்ற கேசினோ நிறுவனம் தன் கிளைகளையெல்லாம் ஒரே அட்டையில் இணைத்தது.

தமிழ்நாட்டில் சட்டப்படி நடக்கும் கேசினோ கிடையாது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் ஒன்றிய அரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது. இங்கிருந்து வெளியூர் போகிறவர் கோவா, சிங்கப்பூர் போன்ற இடங்களில்தான் கேசினோ வாசலைப் பார்க்க முடியும். சிங்கப்பூரில் 2010இல் இரண்டு கூடங்கள் திறக்கப்பட்டன: செந்தோசாவில் ஒன்று, மரினா பேயில் ஒன்று. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நுழைவு வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்தைக் கேசினோ திருப்பித் தருவதற்கும் தடை உண்டு. வெளிநாட்டவருக்கு வரி இல்லை, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும்.

புள்ளி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். ஜெயித்தாரா தோற்றாரா என்று கேசினோ பார்ப்பதில்லை. எவ்வளவு பணத்தை ஆட்டத்தில் ஓடவிட்டார் என்பதே அளவு. ஸ்லாட் இயந்திரத்தில் அட்டையைச் செருகியதும், பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பதிவாகிறது. 100 வெள்ளியோடு உட்கார்ந்தவர், ஜெயித்ததையும் திரும்பத் திரும்ப உள்ளேயே போட்டால், 1,000 வெள்ளிக்கு ஆடியதாகக் கணக்கு ஏறிவிடும். மேசை ஆட்டத்தில் அட்டையை ஊழியரிடம் கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளர் ஆடுபவருடைய சராசரிப் பந்தயத்தையும் உட்கார்ந்திருந்த நேரத்தையும் குறித்துக்கொள்வார்.

இந்தச் சலுகையின் உண்மையான விலையை ஒரு மேசை ஆட்டத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒற்றைப் பூச்சியம் உள்ள ரவுலட் சக்கரத்தில் 37 குழிகள். ஓர் எண்ணில் கட்டி ஜெயித்தால், கட்டிய பணத்தைத் தவிர 35 மடங்குதான் தருவார்கள்; கூடத்தின் பங்கு இதனால் 2.7 சதவீதம். ஒருவர் சுற்றுக்கு 50 வெள்ளி, மணிக்கு 40 சுற்று, 4 மணி நேரம் ஆடினால் மொத்தப் பந்தயம் 8,000 வெள்ளி. எதிர்பார்க்கப்படும் இழப்பு 216 வெள்ளி. அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சலுகையாகத் தருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது சுமார் 43 வெள்ளி. ஓசிச் சாப்பாடு என்று நினைத்துச் சாப்பிடுவதற்கு அவர் ஐந்து மடங்கு விலை கொடுத்திருக்கிறார்.

உறுப்பினர்களைப் படிநிலைகளாகப் பிரிப்பதும், புள்ளிகளுக்குக் காலக்கெடு வைப்பதும் பொதுவான வழக்கம். மிகவும் கவலைக்குரிய அம்சம் இதுதான். இன்னும் கொஞ்சம் ஆடினால் மேல்படிக்குப் போய்விடலாம், இந்த மாதம் போகாவிட்டால் சேர்த்தது வீணாகிவிடும் என்ற எண்ணம், எழுந்து போக நினைத்தவரையும் மறுபடி உட்காரவைக்கிறது. யார் எப்போது வருகிறார், எந்த இயந்திரத்தை விரும்புகிறார், எவ்வளவு தோற்ற பிறகு கிளம்புகிறார் என்ற விவரங்களும் அட்டை வழியாகக் கூடத்துக்குக் கிடைக்கின்றன.

சிங்கப்பூரில் சூதாட்டப் பழக்கத்திலிருந்து விடுபட விரும்புகிறவர் கேசினோவுக்குள் தம்மை விடக்கூடாதென்று தாமே பதிவுசெய்துகொள்ளலாம். வெளிநாட்டவருக்கும் இந்த வசதி உண்டு. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரும் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம் தடையாணை கேட்டு விண்ணப்பிக்கலாம்.