அழிப்பான் முத்திரையான கதை

ரப்பர் ஸ்டாம்ப் என்றாலே நினைவுக்கு வருவது அரசு அலுவலகம்தான். வட்டமான ஒரு முத்திரை, அதன் அருகில் பச்சை மையில் ஒரு கையெழுத்து. அது இல்லாவிட்டால் சான்றிதழும் வெறும் காகிதம்! ஆனால் மழை பெய்யும் நாளில் வீட்டுக்குள் உட்கார்ந்து, ஓர் அழிப்பானையும் சிறு கத்தியையும் வைத்துக்கொண்டு, தனக்கான முத்திரையைத் தானே செதுக்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதிகாரத்தின் அடையாளமாக இருந்த பொருள் பொழுதுபோக்கு ஆனது எப்படி?

அழிக்க வந்த ரப்பர்

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் பென்சில் கோட்டை அழிக்க ரொட்டித் துண்டைத்தான் பயன்படுத்தினார்கள். 1770இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி, பென்சில் கோட்டை அருமையாக அழிக்கும் ஒரு புதிய பொருளைப் பற்றித் தன் நூலில் குறிப்பிட்டார். லண்டனில் கருவிகள் செய்து விற்ற நெய்ர்ன் என்பவரிடம் அது கிடைத்தது. அரை அங்குலக் கனசதுரம் 3 ஷில்லிங்! 'தேய்ப்பது' என்று பொருள்படும் 'ரப்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் 'ரப்பர்' என்ற பெயரே வந்தது.

ஆனால் அந்த ரப்பர் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்து வெடித்தது. இதற்குத் தீர்வு கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகிறது என்று 1839இல் கண்டுபிடித்தார்; 1844இல் காப்புரிமை பெற்றார். உலகம் முழுவதும் அவருடைய ரப்பரில் உருண்டாலும், 1860இல் அவர் இறந்தது பெரும் கடனாளியாக.

பல் செட்டும் முத்திரையும்

இந்த முறையால் முதலில் பயன் பெற்றவர்களில் பல் மருத்துவர்களும் உண்டு. செயற்கைப் பற்களைப் பொருத்தும் தட்டை ரப்பரில் செய்ய, அதை வேகவைக்கும் சிறு பாத்திரம் ஒன்றை வைத்திருந்தார்கள். 1860களில் அமெரிக்காவில் உருவான ஆரம்பகால ரப்பர் முத்திரைகள் அதே பாத்திரத்தில்தான் வெந்தன. முதலில் செய்தவர் யார் என்பதில் மட்டும் அன்றிலிருந்தே தகராறு!

செய்முறை எளிது. ஈய எழுத்துகளைக் கோத்து, அவற்றின் மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அந்த அச்சில் ரப்பரை அழுத்திச் சூடாக்க வேண்டும். ஓர் அச்சிலிருந்து எத்தனை முத்திரை வேண்டுமானாலும் எடுக்கலாம். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அலுவலகங்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். முத்திரையில் துறையின் பெயர் தெரிய வேண்டும். அதைச் செய்தவரின் கை தெரியக் கூடாது.

பூட்ஸ் குதிகாலில் செதுக்கியவர்கள்

கை தெரிந்தால் உயிரே போகும் என்ற நிலையில் முத்திரை செதுக்கியவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில், இன்று போலந்தில் உள்ள சாகான் என்ற ஊரில் 'ஸ்டாலாக் லுஃப்ட் 3' என்ற ஜெர்மானியப் போர்க்கைதி முகாம் இருந்தது. அங்கிருந்த நேச நாட்டு விமானப்படையினர் சுரங்கம் தோண்டித் தப்பத் திட்டமிட்டார்கள். சுரங்கம் மட்டும் போதாது. வெளியே வந்தால் ரயில் நிலையத்தில் அனுமதிச் சீட்டு கேட்பார்களே!

டிம் வாலன் என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு குழு போலி ஆவணங்களைத் தயாரித்தது. ஒரு பிரிட்டிஷ் பயண நிறுவனத்தின் பெயரால் அந்தக் குழுவை 'டீன் அண்ட் டாசன்' என்று வேடிக்கையாக அழைத்தார்கள். தட்டச்சு எழுத்துகளைக்கூட மையால் கையாலேயே வரைந்தார்கள். முத்திரைகளுக்கு அவர்களுக்குக் கிடைத்த ரப்பர், பூட்ஸின் குதிகால். 1944 மார்ச் 24 இரவு 76 பேர் வெளியேறினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள். ஹிட்லரின் உத்தரவால் அவர்களில் 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வாலனும் அவர்களில் ஒருவர். தப்பி ஊர் சேர்ந்தவர்கள் 3 பேர் மட்டுமே.

சதுப்பு நிலத்தில் ஒரு பெட்டி

பொழுதுபோக்கின் வேர் இங்கிலாந்தின் டார்ட்மூர் என்ற மேட்டு நிலத்தில் இருக்கிறது. மழையும் மூடுபனியும் சேறும் நிறைந்த இடம். 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் போக முடியாத கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்தார். அதுவரை நடந்து வந்தவர்கள் தங்கள் முகவரி அட்டையை அதில் போட்டுச் சென்றார்கள். பிறகு சொந்த முகவரி எழுதிய அஞ்சலட்டையை வைக்கும் வழக்கம் வந்தது. அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பார். 1907இல் அங்கே ஒரு ரப்பர் முத்திரையும் வந்தது. வந்தவர்கள் அதைத் தங்கள் ஏட்டில் பதித்துக்கொண்டார்கள்.

1998இல் அமெரிக்காவின் 'ஸ்மித்சோனியன்' இதழில் வந்த கட்டுரையால் இந்த 'லெட்டர்பாக்ஸிங்' அங்கும் பரவியது. அங்கே ஒவ்வொருவருக்கும் சொந்த முத்திரை உண்டு. மறைந்திருக்கும் பெட்டியைக் கண்டுபிடித்தால், அதிலுள்ள முத்திரையைத் தன் ஏட்டிலும், தன் முத்திரையைப் பெட்டியிலுள்ள ஏட்டிலும் பதிக்க வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. முத்திரையே ஆளைச் சொல்லிவிடும். அதனால் கடையில் வாங்கியதைவிடக் கையால் செதுக்கியதற்கே மதிப்பு அதிகம்.

ஜப்பானின் நான்சி செகி

ஜப்பானில் முத்திரைதான் கையெழுத்து. பத்திரத்திலும் வங்கியிலும் அதற்கு அவ்வளவு முக்கியத்துவம். அந்த நாட்டில் அழிப்பானில் செதுக்கிப் புகழ் பெற்றவர் நான்சி செகி. 1962இல் ஆமோரியில் பிறந்த இவர், தொலைக்காட்சி பற்றிக் கிண்டலாக விமர்சனம் எழுதியவர். எந்தப் பிரபலத்தைப் பற்றி எழுதுகிறாரோ அவருடைய முகத்தை அழிப்பானில் செதுக்கிக் கட்டுரையோடு வெளியிடுவார். பெரிய நட்சத்திரங்களும் அந்தச் சிறு துண்டுக்குள் அடங்கினார்கள்! 2002இல், 39 வயதில் அவர் இறந்தார்.

செதுக்குவது எப்படி?

மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தமாக வரைந்து, அதை அழிப்பானின் மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் படம் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். பதிக்கும்போது மறுபடி மாறி நேராகிவிடும். பிறகு கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடங்களை வெட்ட வேண்டும். கோட்டின் அடிப்பகுதி அகலமாக இருக்கும்படி கத்தியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். உள்நோக்கிக் குடைந்தால் கோடு ஒடிந்துவிடும். வளைவுகளில் கத்தியைத் திருப்பாமல் அழிப்பானைத் திருப்புவது நல்லது. இன்றைய வெள்ளை அழிப்பான்கள் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக் என்பதால் வெண்ணெய்போல் வெட்டுப்படும். ஆனால் ஒன்று, அழிப்பானில் செய்த தவறை மட்டும் அழிக்க முடியாது!

சாகான் முகாமில் ஒரு கோடு பிசகியிருந்தால் அதைக் கொண்டுபோனவர் சிக்கியிருப்பார். டார்ட்மூர் வழி வந்த பொழுதுபோக்கில் அந்தப் பிசகிய கோட்டை வைத்துத்தான் இது இன்னாருடைய முத்திரை என்று அடையாளம் காண்கிறார்கள். மழை நாளில் பத்து ரூபாய் அழிப்பானைச் செதுக்குகிறவருக்குக் கிடைப்பது, எந்த அலுவலகமும் தர முடியாத அந்தச் சொந்த அடையாளம்தான்.