கடவுச்சொல் சரிதான், கதவுதான் திறக்கவில்லை

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களில் பலருக்கு இது நடந்திருக்கும். புதிய பதிப்புக்கு மாறச் சொல்லி கணினி சில வாரங்களாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை "சரி, போ" என்று சொல்லிவிடுவோம். ஒரு மணி நேரம் ஓடி முடித்து, மறுதொடக்கம் ஆகும். வழக்கமான உள்நுழைவுத் திரை வரும். நம் பெயர், நம் படம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். கடவுச்சொல்லை அடித்து என்டர் தட்டினால் திரை ஒரு கணம் கறுக்கும். பிறகு மறுபடி அதே உள்நுழைவுத் திரை. எத்தனை முறை அடித்தாலும் அதே கதைதான்.

கடவுச்சொல் தவறு என்றால் கணினி அதைச் சொல்லிவிடும். இங்கே எதுவுமே சொல்வதில்லை. உள்ளே கூப்பிட்டு, அடுத்த நொடியே வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. இதற்கு லாகின் லூப் என்று பெயர். பெரும்பாலானோர் இந்த இடத்தில் எடுக்கும் முடிவு, "ஃபார்மட் பண்ணிடலாம்". கோப்புகள் எல்லாம் வட்டில் பத்திரமாக இருக்கும்போதே அவற்றை அழித்துவிடுகிற முடிவு அது. சரிசெய்யும் கட்டளைகள் தேடினால் கிடைத்துவிடும். ஏன் இப்படி ஆகிறது என்று புரிய வேண்டுமென்றால் அறுபது வருடம் பின்னால் போக வேண்டும்.

1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒரே கணினியைப் பல பேர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. எல்லோருடைய கோப்புகளும் ஒரே இடத்தில் இருந்ததால் ஆளுக்கொரு கடவுச்சொல் தேவைப்பட்டது. நாம் இன்று உள்நுழைவு என்று சொல்கிற பழக்கம் ஏறத்தாழ அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதன் முதல் பெரிய கோளாறும் அங்கேதான். ஒரு நாள் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியல் வந்து விழுந்தது. ஒரு நிர்வாகி அறிவிப்பையும் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். திருத்தும் நிரல் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். இரண்டும் இடம் மாறிப்போயின.

கோர்பாட்டோ 1990-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றபோது, ஏற்புரையில் இந்தச் சம்பவத்தைச் சொன்னார். தோல்வியடையப்போகும் அமைப்புகளைக் கட்டுவது எப்படி என்பதுதான் அந்த உரையின் பொருள். யாரும் பூட்டை உடைக்கவில்லை. பூட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன கோப்புதான் காரணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

அடுத்த நிறுத்தம் பெல் ஆய்வகம். 1969-ல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ், உள்நுழைவைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்தது. கெட்டி என்ற நிரல் முனையத்தின் முன் உட்கார்ந்து பெயர் கேட்கும். லாகின் என்ற நிரல் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும். சரியாக இருந்தால் உங்கள் பெயரில் ஷெல் தொடங்கும். நீங்கள் வேலை முடித்து ஷெல்லை விட்டு வெளியேறினால், எல்லாவற்றுக்கும் மூத்ததான இனிட் அதைக் கவனித்து, மறுபடி ஒரு கெட்டியை வாசலில் உட்கார வைக்கும். அடுத்த ஆளுக்காக.

நான் இதை முதன்முதலில் படித்தபோதுதான் லாகின் லூப்பின் மர்மம் விலகியது. வெளியே வந்தவருக்கு மறுபடி வாசலைக் காட்டுவது கோளாறே இல்லை. அந்த அமைப்பு ஐம்பது வருடமாகச் செய்துவரும் வேலையே அதுதான். நம் அமர்வு தொடங்கிய அரை நொடியில் செத்துப்போகிறது. வாட்ச்மேனுக்கு அது தெரியாது. "ஐயா வேலை முடிச்சிட்டுக் கிளம்பிட்டாரு போல" என்று நினைத்து அவர் வழக்கம்போல நாற்காலியைப் போட்டு உட்காருகிறார். அதனால்தான் பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. அவரைப் பொறுத்தவரை பிழை எதுவும் நடக்கவில்லை.

அப்படியானால் அமர்வு ஏன் சாகிறது? அதற்குப் படம் வரையும் திரையின் கதைக்குப் போக வேண்டும். 1983-ல் எம்.ஐ.டி., டிஜிட்டல், ஐ.பி.எம். நிறுவனங்களின் உதவியோடு அத்தீனா திட்டத்தைத் தொடங்கியது. வளாகம் முழுக்க மாணவர்களுக்குக் கணினி. வெவ்வேறு நிறுவனங்களின் இயந்திரங்கள் எல்லாவற்றிலும் ஓடும் ஒரே சாளர அமைப்பு வேண்டும். ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த டபிள்யூ என்ற அமைப்பை எடுத்து, பாப் ஷைஃப்லர் 1984-ல் மாற்றி எழுதினார். ஜிம் கெட்டிஸ் சேர்ந்துகொண்டார். டபிள்யூவுக்கு அடுத்த எழுத்து எக்ஸ் என்பதால் அதுவே பெயரானது. 1987 செப்டம்பரில் அதன் 11-ஆம் பதிப்பு வெளிவந்தது. எக்ஸ்11 இன்னும் உயிரோடு இருக்கிறது.

எக்ஸின் விசேஷம், நிரல் ஒரு கணினியிலும் அதன் சாளரம் வேறொரு கணினியிலும் இருக்கலாம் என்பது. அதுவே ஆபத்தும் ஆனது. உங்கள் திரையில் வரைய முடிந்தவர் நீங்கள் அடிக்கும் எழுத்தையும் படித்துவிட முடியும். முதலில், இன்னின்ன கணினிகளிலிருந்து வந்தால் அனுமதி என்று ஒரு பட்டியல் வைத்தார்கள். ஒரே கணினியை ஐம்பது மாணவர்கள் பகிரும் வளாகத்தில் அது எடுபடாது. ஆகவே 1989-ல் மேஜிக் குக்கீ வந்தது. 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண். உள்நுழையும்போது உருவாகி, உங்கள் ஹோம் அடைவில் எக்ஸ்-அதாரிட்டி என்ற கோப்பில் போய் உட்காரும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. திரையில் வரைய விரும்பும் ஒவ்வொரு நிரலும் இந்த எண்ணைக் காட்ட வேண்டும்.

அதற்கு முந்தைய வருடம்தான், 1988-ல், எக்ஸ்.டி.எம். என்ற நிரல் வந்திருந்தது. இன்றைய அழகான உள்நுழைவுத் திரைகளுக்கெல்லாம் பாட்டன் அது. இனிட், கெட்டி, லாகின் மூன்றும் எழுத்து முனையத்தில் செய்ததை வரைகலைத் திரையில் செய்வதுதான் அதன் வேலை. பழைய வாட்ச்மேனின் சுபாவமும் அப்படியே வந்துவிட்டது. ஆக இரண்டு சோதனைகள். கடவுச்சொல் முதல் சோதனை. குக்கீ இரண்டாவது. முதலாவதில் நாம் தேறியது நமக்குத் தெரியும். இரண்டாவது என்று ஒன்று இருப்பதே பெரும்பாலானோருக்குத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் என் சித்தி மகள் ஒரு ராத்திரி கூப்பிட்டாள். முனைவர் பட்டத்துக்காக ஊர் ஊராகப் போய் ஒப்பாரிப் பாடல்களைப் பதிவுசெய்து வைத்திருந்தாள். பாடிய பாட்டிகளில் இரண்டு பேர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நகல் எதுவும் இல்லை.

"அண்ணா, பாஸ்வேர்டு கரெக்டாதான் போடறேன். உள்ள போற மாதிரி போய்ட்டு வெளிய வந்துடுது. அப்டேட் பண்ணதுலேர்ந்து இப்படித்தான். கடையில கேட்டா ஃபார்மட் பண்ணாத்தான் ஆகும்ங்கறாங்க."

"அதெல்லாம் வேணாம்மா. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அமுக்கு."

கறுப்புத் திரை வந்தது. பெயர் கேட்டது. அடித்தாள், உள்ளே போய்விட்டாள். அந்தக் கணமே பாதி கவலை தீர்ந்தது. கடவுச்சொல் சரி, வட்டு சரி, பாட்டுகளும் இருக்கின்றன. பிரச்சினை படம் வரைகிற பக்கம் மட்டும்தான். மறைந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னேன். "எக்ஸ்-அதாரிட்டி பக்கத்துல யார் பேரு இருக்கு?" "ரூட்னு இருக்கு அண்ணா."

அப்டேட் முடிந்த கையோடு, ஏதோ ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்த வேண்டி, சூடோ போட்டுக் கோப்பு மேலாளரைத் திறந்திருக்கிறாள். ரூட்டாக ஓடிய அந்த நிரல், குக்கீ கோப்பைத் தன் பெயரில் எழுதிவைத்துவிட்டது. அடுத்த மறுதொடக்கத்தில் அவளுடைய சொந்தக் கோப்பை அவளாலேயே தொட முடியவில்லை. பழி அப்டேட் மேல் விழுந்தது. உரிமையாளரை மாற்றும் ஒரு வரிக் கட்டளையில் விஷயம் முடிந்தது. எம்.ஐ.டி.யில் இடம் மாறிய தற்காலிகக் கோப்பு ஞாபகம் வருகிறதா?

அப்டேட்டே குற்றவாளியாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. அதற்கு வரலாறு வேறு. கிராஃபிக்ஸ் அட்டைகளின் டிரைவர் கெர்னலோடு ஒட்டி ஓட வேண்டும். மூலநிரல் மூடப்பட்ட டிரைவர் என்றால், கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் இணைப்புப் பகுதியைப் புதிதாகக் கட்ட வேண்டும். இதைத் தானாகச் செய்யவே டெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் டி.கே.எம்.எஸ். என்ற கருவியை உருவாக்கினார்கள். பதிப்பு மாறும்போது கெர்னலும் கம்பைலரும் சேர்ந்தே மாறுகின்றன. அந்தக் கட்டுமானம் தோற்றால் திரை வரைய ஆளில்லை. 2012-ல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டியது இந்தக் கோபத்தில்தான். அந்த நிறுவனம் தன் கெர்னல் பகுதிகளைத் திறந்த மூலமாக வெளியிட 2022 மே மாதம் ஆனது.

இன்னொரு பக்கம், எக்ஸுக்கு வயதாகிவிட்டது என்று 2008-ல் கிறிஸ்டியான் ஹொக்ஸ்பெர்க் வேலண்டைத் தொடங்கினார். ஃபெடோரா 2016-லேயே அதை இயல்பு அமர்வாக்கியது. உபுண்டு 2017 அக்டோபரில் வந்த 17.10-ல் வேலண்டுக்கு மாறியது, ஆறு மாதத்தில் வந்த 18.04-ல் எக்ஸுக்கே திரும்பியது, 2021-ல் மறுபடி வேலண்டுக்குப் போனது. உள்நுழைவுத் திரையின் மூலையில் ஒரு சின்ன பற்சக்கரம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அமர்வைத் தேர்ந்தெடுக்கும் இடம் அது. மேலே சொன்ன இழுபறி மொத்தமும் அந்தச் சக்கரத்துக்குள் இருக்கிறது. லூப்பில் மாட்டிக்கொண்டால் முதலில் அதைத் தட்டி வேறு அமர்வைத் தேர்ந்து பாருங்கள். சில சமயம் அதுவே போதும்.

போதவில்லை என்றால் எழுத்துத் திரைக்குப் போங்கள். வட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிரம்பிய வட்டில் குக்கீகூட எழுத முடியாது. லினக்ஸின் வழக்கமான கோப்பு அமைப்பான எக்ஸ்ட்4 இயல்பாகவே 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென ஒதுக்கி வைத்திருப்பதால், மற்றவை நின்றாலும் சுத்தம் செய்ய வழி இருக்கும். அடுத்து, ஹோம் அடைவில் உங்கள் கோப்புகள் உங்கள் பெயரில் இருக்கின்றனவா பாருங்கள். அதற்குப் பிறகு கணினியின் குறிப்பேட்டைத் திறந்து, கடைசியாகத் தொடங்கிய நேரத்திலிருந்து வாசியுங்கள். வாட்ச்மேன் நம்மிடம் சொல்லாததையெல்லாம் அங்கே எழுதி வைத்திருப்பார்.

எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த விஷயம், யாரும் பழைய வாசலை இடிக்கவில்லை என்பது. எக்ஸ் வந்தது, வேலண்ட் வந்தது. அவற்றுக்குப் பின்னால் கெட்டி இன்னும் பெயர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கணினி நம்முடையது என்று சொல்வதற்கு எனக்குத் தெரிந்த உறுதியான அர்த்தம் இதுதான். முன்வாசல் சிக்கிக்கொண்டாலும் வேறு வழியில் போய் நம் பொருளை எடுத்துவர முடிய வேண்டும்.

நம் காலத்தில் பெரும்பாலானோரின் முதல் கணினி கைபேசிதான். அப்டேட்டுக்குப் பிறகு அது சரியாகத் தொடங்க மறுத்தால், கடைசியில் நமக்குக் கிடைப்பது "எல்லாத் தரவையும் அழித்துப் புதிதாகத் தொடங்கு" என்ற பொத்தான். கடைக்காரர் என் தங்கையிடம் சொன்ன அதே பதில். வித்தியாசம், இங்கே அமுக்கிப் பார்க்க எஃப்3 இல்லை. யாரோ ஒருவரின் பாட்டி பாடியது அதற்குள்தான் இருக்கிறது. இன்று ராத்திரியே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.