சிறுநீர்ப்பை வேதனைக்கு ஊசிச் சிகிச்சை

கிருமியோ கல்லோ காணப்படாதிருந்தும், சிறுநீர்ப்பை நிறையுந்தோறும் வலி மிகுந்து, கழித்தபின் சற்றே தணிந்து, மாதக்கணக்கில் நீடிக்கும் வியாதிக்குரிய சிகிச்சைகளுள் ஊசிமருந்தும் ஒன்று. 1915-இல் கை ஹன்னர் என்னும் அமெரிக்க வைத்தியர் இந்நோயாளர் சிலருடைய பையின் உட்சுவரில் கண்டு விவரித்த ரணங்களில், மயக்கமருந்து கொடுத்து, உள்நோக்குக் கருவியின் வழியே டிரையம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்துவது பலருக்கு ஆறுதலளிக்கிறது. மாத்திரை முதலியன பயன்படாதபோது பொட்டுலினம் நச்சு, பெரும்பாலும் 100 யூனிட் அளவில், பைச்சுவரின் பல இடங்களில் ஏற்றப்படும். அதன் குணம் சில மாதங்களில் மறைவதால் மீண்டும் போடவேண்டிவரும் என்பதையும், சிலருக்குச் சிறுநீர் தானாக வெளியேறாமல் தற்காலிகமாகக் குழாய் செலுத்திக்கொள்ளும் சங்கடம் நேரும் என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுவது மருத்துவரின் தர்மம். இடுப்புத்தளத் தசைகள் முடிச்சிட்டு இறுகியிருப்பின் அவற்றில் லிக்னோகெய்ன் ஊசியிடுவர். உட்கார்ந்தால் வலி மிகுமாயின் புடெண்டல் நரம்பையொட்டி உணர்வகற்றும் மருந்தைச் செலுத்துவதுண்டு.

நம் நாட்டில் சிறுநீர்ப்பைக் காசநோயும் இதே அறிகுறிகளோடு தோன்றுமாதலால், ஊசிக்கு முன் சிறுநீரைச் சோதித்தறிதல் அவசியம். ஒடுகத்தூர், ஆம்பூர்ப் பக்கத்துச் சகோதரிகள் நாணத்தால் இவ்வேதனையை மறைக்க வேண்டா. 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருந்தகத்திலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரியல் பிரிவு உண்டு.