கரைப்பான் மூளை நோய்

பெயிண்ட், தின்னர், பசை, அச்சு மை, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவங்கள் ஆகியவற்றிலிருந்து எழும் கரிமக் கரைப்பான்களின் ஆவியைப் பல ஆண்டுகள் சுவாசித்து வேலை செய்தவர்களுக்கு ஏற்படும் நீடித்த மூளைப் பாதிப்பு. மறதி, கவனக் குறைவு, சிந்தனையிலும் செயலிலும் மந்தம், தீராத களைப்பு, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். பெயிண்டர்களிடம் அதிகம் காணப்பட்டதால் 'பெயிண்டர் நோய்' என்றும் வழங்கப்படுகிறது.

ரப்பர் ஆலைகளில் தொடக்கம்

1846இல் இங்கிலாந்தின் அலெக்சாண்டர் பார்க்ஸ், சூடேற்றாமல் ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குக் கார்பன் டைசல்பைடு என்ற கரைப்பான் தேவைப்பட்டது. பத்தே ஆண்டுகளில், 1856இல், பாரிஸ் மருத்துவர் ஒகுஸ்த் தெல்பெக் அந்த வேலையில் இருந்தவர்களின் தலைவலி, மறதி, மனக் கொந்தளிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்தார். பின்னர் செயற்கைப் பட்டான விஸ்கோஸ் ரேயான் ஆலைகளுக்கும் இதே ஆபத்து பரவியது. 1930களில் அமெரிக்க ரேயான் தொழிலாளர்களின் நிலையை வெளிக்கொணர்ந்தவர் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன்.

நோர்டிக் நாடுகளின் ஆய்வுகள்

நோய் முற்றுவதற்கு முன்பே அதன் தடயத்தை உளவியல் சோதனைகளால் அறியலாம் என்பதை பின்லாந்தின் ஹெலெனா ஹென்னினென் 1971இல் கார்பன் டைசல்பைடு தொழிலாளர்களிடம் காட்டினார். 1976இல் சுவீடனில் ஆக்செல்சனும் அவருடைய சகாக்களும் கரைப்பான்களோடு பழகிய தொழிலாளர்களிடையே நரம்பு, மனநலக் கோளாறுகள் மிகுந்திருந்ததைக் கண்டனர். டென்மார்க்கின் மிக்கெல்சன் 1980இல் கோபன்ஹேகன் பெயிண்டர்களைக் கொத்தனார்களோடு ஒப்பிட்டார். இரு பிரிவினரும் கட்டடத் தொழிலாளர்களே; கரைப்பான் ஆவியில் உழன்றவர்கள் பெயிண்டர்கள் மட்டுமே. முதுமைக்கு முன்பே அறிவாற்றல் மங்கி இயலாமை ஓய்வூதியம் பெற்றவர்கள் அவர்களிடையே அதிகம் இருந்தனர். தனி நோயாளியிடம் வயதின் தளர்ச்சியாகவோ குடிப்பழக்கத்தின் விளைவாகவோ ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய குறைகள், தொழில்வாரியாக எண்ணிப் பார்த்தபோதுதான் புலப்பட்டன.

விவாதமும் வகைப்பாடும்

1985இல் கோபன்ஹேகனில் கூடிய உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு, நோயை மனநிலை மாற்றம், லேசான மூளைப் பாதிப்பு, கடுமையான மூளைப் பாதிப்பு என மூன்றாக வகுத்தது. எல்லோரும் இதை ஏற்கவில்லை. 1988இல் டென்மார்க்கின் காடெ குழுவினர், வயது, கல்வி, அறிவுத்திறன் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டால் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதும் மறைகிறது என்றனர். இந்த விமர்சனம், அடுத்து வந்த ஆய்வுகள் ஒப்பீட்டுக் குழுக்களைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கத் தூண்டியது.

பாதிப்பும் தடுப்பும்

கரைப்பான்கள் கொழுப்பில் எளிதில் கரையும். நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து, கொழுப்பு மிகுந்த மூளையை விரைவில் அடைகின்றன. அல்சைமர் நோயைப் போலன்றி, ஆவியிலிருந்து விலகியபின் பாதிப்பு பொதுவாக வளர்வதில்லை. ஆனால் முழுமையாகக் குணமாவதும் அரிது. எனவே தடுப்பே முதன்மையான வழி. டென்மார்க் 1980களில் பெயிண்ட் டப்பாக்களில் குறியீட்டு எண்ணைக் கட்டாயமாக்கியது. ஆவியைத் தீங்கற்ற அளவுக்கு நீர்க்கச் செய்ய எவ்வளவு காற்று வேண்டும் என்பதை அது காட்டும். நீர் கலந்த பெயிண்டுகளும் பரவலாயின. நெதர்லாந்தில் 2000 முதல் உட்புற வேலைகளில் கரைப்பான் குறைந்த பெயிண்ட் கட்டாயமானது.

பிரான்சின் மின்சார, எரிவாயு நிறுவன ஓய்வூதியர்கள் 2,143 பேரை ஆராய்ந்து 2014இல் வெளியான முடிவு, கரைப்பான் ஆவிக்கு அதிகம் ஆளானவர்களுக்கு வேலையை விட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அறிவாற்றல் குறைவு நீடிப்பதைக் காட்டியது. மறதியோடு வரும் முதியவரிடம் அவர் முன்பு என்ன வேலை செய்தார் என்று மருத்துவர் கேட்பது அதனால் இன்றியமையாதது. அந்தக் கேள்வி இல்லாமல் இந்த நோயைக் கண்டறிய முடியாது.