வாயிற்கதவில் மலர்வளையம்: ஆதித் திருச்சபை சந்தித்த ஒரு வினா

திருச்சபை வரலாற்றைக் கற்போர் பொதுச் சங்கங்களையும் விசுவாசப் பிரமாணங்களையும் நன்கு அறிவர். ஆனால் எளிய விசுவாசிகளின் மனச்சாட்சியை அன்றாடம் உறுத்திய வினாக்கள் பல, மிகச் சிறிய பொருள்களைப் பற்றியே எழுந்தன. அவற்றுள் ஒன்று வீட்டு வாயிலில் மாட்டப்படும் மலர்வளையம். இன்று நம்மிடையே மலர்வளையம் என்றவுடன் இறந்தோர்க்குச் செலுத்தும் அஞ்சலியே நினைவிற்கு வரும். பண்டைய கிரேக்க, உரோம உலகிலோ அது வெற்றி, விருந்து, வழிபாடு, அரச மரியாதை ஆகிய அனைத்திற்கும் உரிய அடையாளமாக விளங்கியது. அத்தகைய வளையத்தைக் கிறிஸ்தவன் தன் வாசலில் மாட்டலாமா? இவ்வினாவிற்குத் திருச்சபை அளித்த விடைகளைச் சுருக்கமாக ஆராய்வோம்.

வளையமும் அதன் பொருளும்

மலர்வளையம் புனைதல் அக்காலத்தில் ஒரு தனித் தொழில். கி.பி. 79இல் மறைந்த உரோம அறிஞர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலின் 21ஆம் பகுதியில் இதனை விரிவாகக் கூறுகிறார். கிளைகளைப் பின்னி அமைப்பது ஒரு வகை. இதழ்களைத் தைத்து அமைப்பது மற்றொரு வகை. லிண்டன் மரப்பட்டையின் மெல்லிய நார் இவ்வேலைக்குப் பயன்பட்டது. சிக்கியோன் நகரில் வளையம் புனைந்து விற்ற கிளிசேரா என்னும் பெண்ணின் கைத்திறனை, பவுசியாஸ் என்னும் ஓவியர் தம் வண்ணங்களால் வெல்ல முயன்றார் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

ஏதென்ஸ் நகரத்தார் கம்பளி நூல் சுற்றி, அத்திப்பழம் முதலியவற்றைத் தொங்கவிட்ட ஒலிவக் கிளையை வாயிலில் கட்டினர். ஓராண்டு கழிந்து புதிய கிளை வரும்வரை அது அங்கேயே இருக்கும். ஆண்மகவு பிறந்த வீட்டின் வாயிலில் ஒலிவ வளையம் மாட்டும் வழக்கமும் இருந்தது. எனவே வாசலைக் காண்போர் வீட்டின் செய்தியை அறிந்தனர்.

உரோமாபுரியில் இவ்வழக்கம் அரசியல் பொருளும் பெற்றது. கி.மு. 27இல் ஆலோசனை மன்றம் அகுஸ்து இராயனின் இல்லத்து நிலைக்கால்களை லாரல் இலைகளால் அணி செய்யவும், வாயிலின்மேல் கருவாலி இலை வளையத்தைப் பொருத்தவும் தீர்மானித்தது. கருவாலி வளையம், போரில் சக குடிமகனின் உயிரைக் காத்தவனுக்கு அளிக்கப்படும் விருது. லாரலோ வெற்றியின் சின்னம். தமிழர் வாகை சூடியதற்கு இதனை ஒப்பிடலாம். மரம் வேறாயினும் கருத்து ஒன்றே. பின்னர்ப் பேரரசனுக்குரிய விழாநாள்களில் குடிமக்களும் தத்தம் கதவுகளில் லாரல் கட்டி விளக்கேற்றினர். வாயில் அலங்காரம் அரசப் பற்றின் சான்றாயிற்று.

புதிய ஏற்பாட்டிலும் இவ்வுலகு தென்படுகிறது. லீஸ்திராவில் யூப்பித்தரின் பூசாரி எருதுகளோடு மாலைகளையும் வாசலருகே கொண்டுவந்தான் (அப். 14:13). பவுலடியார் அழிவுள்ள கிரீடம் எனக் கூறுவது (1 கொரி. 9:25) பந்தய வீரர்க்கு அளிக்கப்பட்ட இலை வளையத்தையே. கொரிந்துக்கு அருகில் நடைபெற்ற இஸ்துமியப் பந்தயங்களில் பைன் இலையோ செலரி இலையோ அதற்குப் பயன்பட்டது. ‘ஸ்தெபனோஸ்’ என்ற இக்கிரேக்கச் சொல்லையும், அரசமுடியைக் குறிக்கும் ‘தியதேமா’ என்ற சொல்லையும் நம் பழைய மொழிபெயர்ப்பு கிரீடம் என்று தரும் இடங்கள் உள்ளமையால், முன்னதிலுள்ள இலையின் மணம் நமக்குப் புலப்படுவதில்லை. ஆண்டவரின் முள்முடியும் பின்னப்பட்ட வளையமே.

தெர்த்துல்லியனின் மறுப்பு

கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் இவ்வினாவை மிகக் கடுமையாக எதிர்கொண்டார். வாயிலின் ஒவ்வொரு பகுதிக்கும் உரோமர் ஒரு தெய்வத்தைக் கற்பித்திருந்தனர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். கதவுக்குப் போர்குலுஸ், கீலுக்குக் கார்தியா, வாயிற்படிக்கு லிமெந்தினுஸ். ஆகவே கதவில் தொங்கும் வளையம், வீட்டார் எண்ணாவிடினும், அத்தெய்வங்களைச் சேரும் என்றார். கோவிலை விட்டு விலகியவன் தன் வாசலையே கோவிலாக்கலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். புறமதத்தாரின் கதவுகளைவிடக் கிறிஸ்தவரின் கதவுகளிலேயே லாரலும் விளக்கும் மிகுதியாகக் காணப்படுகின்றன என்றும் வருந்தினார்.

அவர் தரும் ஒரு நிகழ்ச்சி சிந்திக்கத்தக்கது. பொது மகிழ்ச்சிச் செய்தி ஒன்று திடீரென அறிவிக்கப்பட்டபோது, ஒரு சகோதரனின் அடிமைகள் அவன் இல்லாத வேளையில் வாயிலை அலங்கரித்தனர். அவன் அதற்குக் கட்டளையிடவில்லை. திரும்பி வந்ததும் கண்டித்தான். எனினும் அன்றிரவே தரிசனத்தில் அவன் கடுமையாகத் தண்டிக்கப்பட்டானாம். வாசல் முழுக் குடும்பத்தின் சாட்சி என்பதே இங்கு வலியுறுத்தப்படும் உண்மை.

கி.பி. 211ஐ ஒட்டி எழுதிய மற்றொரு நூலில், படைவீரர்க்கு நன்கொடை வழங்கப்பட்ட நாளில் லாரல் முடியைத் தலையில் சூடாமல் கையில் ஏந்திச் சென்று சிறைப்பட்ட கிறிஸ்தவ வீரனை அவர் ஆதரிக்கிறார். ஒரு முடிக்காகத் திருச்சபையின் அமைதியைக் குலைப்பதா என்று முணுமுணுத்தவர்கள் கிறிஸ்தவர்களே என்பதையும் அந்நூலினின்று அறிகிறோம். எனவே தெர்த்துல்லியனின் குரலைத் திருச்சபை முழுவதின் குரலாகக் கொள்ளலாகாது.

அவரும் மலரை வெறுத்தவர் அல்லர். கிறிஸ்தவர்களால் வணிகம் நலிகிறது என்ற குற்றச்சாட்டிற்கு விடையளிக்கையில், தாம் தலைக்கு முடி வாங்குவதில்லை எனினும் மலர்களை வாங்குவதாகவும், அவற்றை எவ்வாறு பயன்படுத்துவது தம் விருப்பம் என்றும் கூறுகிறார். மினூசியுஸ் பெலிக்ஸ் என்பாரும், மலரை முகர்வது மூக்கே அன்றிக் கூந்தல் அன்று என நகைச்சுவையோடு எழுதினார். ஆண்டவர் முள்முடி தாங்கினார் என்றறிந்த நாம் மலர்முடி சூடுவது தகாது என அலெக்சாந்திரியாவின் கிளமெந்து உணர்த்தினார். ஆகவே வினா மலரைப் பற்றியதன்று. அது யாருடைய மகிமைக்காகச் சூட்டப்படுகிறது என்பதைப் பற்றியதே.

காலம் மாறியபோது

4ஆம் நூற்றாண்டில் பேரரசின் நிலை மாறியது. கல்லறைப் பேழைகளில் கிறிஸ்துவின் பெயர்க்குறி லாரல் வளையத்தின் நடுவே செதுக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் நோலா நகரில் வாழ்ந்த பவுலீனு, புனித பெலிக்ஸ் திருநாளில் தரையில் மலர் தூவவும் வாயில்களை மாலைகளால் அணி செய்யவும் மக்களை அழைத்துப் பாடினார். இளம் குருவாகிய நெப்போதியன் ஆலயங்களை மலராலும் தழையாலும் திராட்சைக் கொடியாலும் அழகுபடுத்தியதை எரோம் 396இல் எழுதிய மடலில் பாராட்டினார். அகுஸ்தீனோ, மனிதர் ஒரே வாயிற்காவலனை வைத்திருக்க, உரோமர் ஒரு வாசலுக்கு மூன்று தெய்வங்களை வைத்தனரே என எள்ளினார். அச்சம் நகைப்பாக மாறியது.

ஆயினும் வினா தீர்ந்துவிடவில்லை. 6ஆம் நூற்றாண்டில் பிராகாவின் பேராயர் மார்த்தீன் தொகுத்த சபை விதிகள், புத்தாண்டு நாளில் புறமத முறைப்படி லாரலாலும் பச்சைத் தழையாலும் வீடுகளைச் சூழ்வதைத் தடை செய்தன. 601இல் மகா கிரகோரி, இங்கிலாந்துப் பணிக்குச் சென்ற மெல்லித்துவுக்கு எழுதியபோது, ஆலயங்களாக மாற்றப்பட்ட பழைய கோவில்களைச் சுற்றி மரக்கிளைகளால் குடில்கள் அமைத்துத் திருநாள் கொண்டாட இசைவளித்தார். ஒருவர் தடுத்ததை மற்றவர் ஏற்றார். இதனை முரண்பாடு என்பதைவிட, அவரவர் மந்தையின் நிலையறிந்த மேய்ப்பரின் தீர்ப்பு எனலாம்.

பிற்காலத்தில் கிரேக்கக் கிறிஸ்தவர் மே முதல் நாளில் மலர்வளையம் புனைந்து வாயிற்கதவில் மாட்டி, யோவான் ஸ்நானனின் திருநாளையொட்டி அதனை நெருப்பிலிடும் வழக்கத்தைக் கொண்டனர். ஜெர்மானிய லுத்தரன் இறையியலாளர் விக்கர்ன், ஹாம்பர்க்கில் ஏழைச் சிறுவர்க்காகத் தாம் நிறுவிய இல்லத்தில், 1839இல் ஒரு சக்கரத்தின்மேல் மெழுகுவர்த்திகளை ஏற்றிக் கிறிஸ்து பிறப்பிற்குக் காத்திருக்கக் கற்பித்தார். பின்னர்ப் பசுந்தழை சுற்றப்பெற்ற அச்சக்கரமே இன்றைய திருவருகைக்கால வளையம்.

ஆயர்கள் கருதவேண்டியது

மாவிலைத் தோரணத்தையும் வாசலில் நாட்டும் வாழை மரத்தையும் குறித்து விசுவாசிகள் நம்மிடம் வினவும்போது, இவ்வரலாறு ஆயத்த விதி எதையும் தருவதில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்விகளைத் தருகிறது. இது யாரைக் கனப்படுத்துகிறது? அயலார் இதில் எச்செய்தியைக் காண்கின்றனர்? இதைக் கட்ட மறுப்பவன் இழப்பது என்ன? ஆட்சியாளர்க்கோ செல்வர்க்கோ அஞ்சிக் கட்டப்படும் அலங்காரத்தைப் பற்றி நாம் மௌனமாயிருந்து, திருமண வீட்டின் பச்சிலையை மட்டும் கண்டிப்போமாயின், தெர்த்துல்லியனின் கடுமையைப் பெற்று அவர் கண்ட உண்மையை இழந்தவராவோம். அவர் முதலாவது அஞ்சியது அழகை அன்று. கடவுளுக்குரிய கனத்தை இராயனுக்குக் கொடுப்பதையே.